கடற்கரைப் படம் ஏன் இப்படி வந்தது? சென்னைக் கரைக்கான பிழை நீக்கும் வழிமுறை

சென்னைக் கடற்கரையில் எடுத்த படத்தைக் காட்டி, "கேமராவில் ஏதோ கோளாறு, சர்வீஸுக்குக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்பவர்கள் நிறைய. பார்த்தால் பெரும்பாலும் கேமராவில் ஒன்றும் இருக்காது. கண்ணாடி மேல் உப்பு இருக்கும், இல்லாவிட்டால் ஈரம் இருக்கும், அதுவும் இல்லாவிட்டால் வெளிச்சம் மாறிய பிறகும் செட்டிங் பழையபடியே இருக்கும். அதனால் ஒவ்வொரு குறைக்கும் செலவில்லாத சோதனைகளை முதலில் வைத்திருக்கிறேன்: துடைப்பது, காத்திருப்பது, நகர்ந்து நிற்பது. செட்டிங் அதற்கு அடுத்தது. காசு கடைசியில்தான். உங்கள் படத்தில் எந்தக் குறை தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

## படம் முழுவதும் வெளுத்து, புகை படிந்த மாதிரி இருக்கிறது

இந்தக் கரையில் அதிகம் வரும் குறை இதுதான். லென்ஸைக் கழற்ற வேண்டாம், செட்டிங்கைத் தொட வேண்டாம். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து முன் கண்ணாடியைப் பாருங்கள். என்ன விஷயம் என்று உடனே தெரிந்துவிடும்.

### கண்ணாடி மேல் ஆவி படிந்திருக்கிறது

ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்கு வந்த கேமரா. மே முதல் செப்டம்பர் வரை சென்னையின் விடியற்காலைக் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும். 24 டிகிரியில் இரவு முழுக்கக் குளிர்ந்த கண்ணாடி வெளியே வந்த உடனே வியர்த்துவிடும். துடைத்தால் மறுபடி படியும். கூடவே கண்ணாடி மேல் இருக்கும் மணலையும் சேர்த்துத் தேய்ப்பீர்கள். துடைக்க வேண்டாம். மூடியைப் போட்டு, பையின் ஜிப்பை மூடி, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வந்ததும் ஆவி தானாகவே போய்விடும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் ஈரக்காற்று சென்சார் பக்கம் போகும். அதைச் செய்யவே கூடாது.

அடுத்த முறை இது வராமல் இருக்க, முந்தின இரவே பையை ஏசி இல்லாத ஹாலில் வைத்துவிடுங்கள். காரில் வருபவர்கள் பையை டிக்கியில் போடலாம், அல்லது கடைசிச் சில கிலோமீட்டருக்கு ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடலாம். பைக்கில் வருபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஒரு மணி நேரம் ஆன பிறகும் ஆவி போகவில்லை, அது கண்ணாடிக்கு உள்பக்கம் தெரிகிறது என்றால் லென்ஸுக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் ஓரிரு நாள் வைத்துப் பாருங்கள். அப்புறமும் இருந்தால் சர்வீஸ்.

### ஆவி இல்லை, டார்ச் வெளிச்சத்தில் பொடிப் பொடியாகத் தெரிகிறது

உப்பு. அலை மோதும் இடத்திலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வரும் நுண்ணிய துளிகள் காய்ந்து படிந்தது. கண்ணால் பார்த்தால் கண்ணாடி சுத்தமாகத்தான் தெரியும், அதனால்தான் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். கோடையில் விடியற்காலைக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் உப்பு குறைவு. மதியத்துக்குமேல் கடல் காற்று ஏறியதும் கூடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று கடல் பக்கமிருந்தே வருவதால் காலையிலும் தப்ப முடியாது. அந்த மாதங்களில் சில படங்களுக்கு ஒரு முறை கண்ணாடியைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

துடைக்கும் வரிசை முக்கியம். முதலில் ப்ளோயரால் (கையால் அழுத்திக் காற்றடிக்கும் ரப்பர் குமிழ்) ஊதுங்கள். மணல் போக வேண்டும். அடுத்து, மைக்ரோஃபைபர் துணியில் இரண்டு சொட்டு லென்ஸ் கிளீனரோ டிஸ்டில்டு வாட்டரோ விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். உப்பு கரைந்தால்தான் போகும். காய்ந்த துணியால் தேய்த்தால் அது கண்ணாடியின் பூச்சைக் கீறும். கடைசியாக வேறொரு காய்ந்த துணி. சட்டை நுனி, கர்ச்சீப், துப்பட்டா எதுவும் வேண்டாம். பையில் மூன்று துணியாவது தனித்தனி ஜிப் கவரில் இருக்கட்டும், ஏனென்றால் கடற்கரையில் ஒருமுறை வெளியே எடுத்த துணியில் மணல் ஏறியிருக்கும்.

முன்னால் ஒரு பாதுகாப்பு பில்டர் மாட்டலாமா என்று கேட்பார்கள். காற்று பலமாக இருக்கும் நாளில் மாட்டுங்கள். லென்ஸின் கண்ணாடியைவிட அதைத் துணிந்து துடைக்கலாம். ஆனால் அடுத்த உட்தலைப்பையும் படித்துவிடுங்கள்.

### கண்ணாடி சுத்தம். சூரியனை நோக்கி எடுத்தால் மட்டும் வெளுக்கிறது

சென்னைக் கரை கிழக்கு பார்த்தது. காலையில் கடலை எடுத்தாலே சூரியன் எதிரே வந்துவிடும். முதலில் பாதுகாப்பு பில்டரைக் கழற்றி அதே படத்தை எடுத்துப் பாருங்கள். பச்சை, ஊதாப் புள்ளிகள் மறைந்தால் பில்டர்தான் காரணம். விலை குறைந்த பில்டர்கள் இதில் மிக மோசம். கழற்றியும் போகவில்லையா? சூரியன் படச் சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) வெளியே இருந்தால் லென்ஸ் முனையில் மாட்டும் நிழல் மறைப்பான ஹூட் போடுங்கள், அல்லது உள்ளங்கையால் லென்ஸுக்கு மேல் நிழல் பிடியுங்கள். சட்டத்துக்குள்ளேயே இருந்தால் நகர்ந்து, ஒரு படகின் மூக்குக்கோ கட்டுமரத்தின் நுனிக்கோ பின்னால் சூரியனைப் பாதி மறையுங்கள். இதற்காக லென்ஸை மாற்ற நினைப்பவர்கள் இந்த மூன்றையும் செய்து பார்த்த பிறகு யோசிக்கட்டும்.

### பக்கத்தில் எல்லாம் தெளிவு. தூரம் மட்டும் மங்கல்

இது கேமரா இல்லை, காற்று. போகி காலையில் நகரம் முழுக்கப் புகை. எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கிகள். தை மாதப் பனி. நீண்ட லென்ஸ் போட்டால் இன்னும் மோசமாகும். தூரத்துக் கப்பல்களை விட்டுவிட்டு, கால் பக்கத்தில் இருக்கும் வலையையும் நுரையையும் எடுங்கள். தெளிந்த காற்று வேண்டுமானால் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை வாருங்கள்.

## வானம் வெளுத்துப் போகிறது, இல்லையென்றால் மணல் கறுத்துப் போகிறது

### எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் எங்கே நிற்கிறது?

கேமரா அளக்கும் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் +/- செட்டிங் இது. முந்தின நாள் வைத்த கூட்டலோ கழித்தலோ அப்படியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருளில் டயல் தானாகத் திரும்பியும் இருக்கும். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி எடுங்கள்.

### எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்?

இதைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் கேட்பேன். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறும். உதித்த ஒரு மணி நேரத்தில் 14 டிகிரி உயரத்துக்கு வந்துவிடும். வடக்கு நாடுகளில் இருப்பவர்கள் சொல்லிக்கொடுக்கும் நீண்ட பொன்வெளிச்ச நேரம் நமக்கு இல்லை. உதயத்துக்குச் சுமார் 20 நிமிடம் முன்பிருந்து, உதித்து 20 நிமிடம் வரை: அவ்வளவுதான் கையில் இருக்கும் நேரம். அதற்கு அப்புறம் வானத்துக்கும் மணலுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை எந்த செட்டிங்காலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது.

ஜூன் தொடக்கத்தில் உதயம் 5.42 வாக்கில், ஜனவரி பின்பாதியில் 6.35 வாக்கில். உதயத்துக்கு 40 நிமிடம் முன்பே ட்ரைபாட் மணலில் நிற்க வேண்டும். இடமும் மாறும்: டிசம்பரில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து தெற்கே 24 டிகிரி அளவுக்குத் தள்ளி உதிக்கும், ஜூனில் அதே அளவு வடக்கே. பெசன்ட் நகரில் கார்ல் ஸ்மிட் நினைவு மண்டபத்தை முன்னால் வைத்து நீங்கள் ஜனவரியில் எடுத்த கோணம் ஜூனில் பொருந்தாது.

### நேரம் சரி; இன்னும் வெளுக்கிறது

திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இருளில் திரை எப்போதும் பிரகாசமாகத்தான் தெரியும். ஹிஸ்டோகிராமை (இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலும் தெரியும் வரைபடம்) பாருங்கள், வலது ஓரத்தில் முட்டி நின்றால் 2/3 ஸ்டாப் குறையுங்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுங்கள். கறுத்த மணலில் பின்னால் விவரம் மீட்கலாம், வெளுத்த வானத்தில் மீட்க ஒன்றும் இருக்காது. உதயத்தின்போது வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் என்பதால் மேனுவல் மோடில் வைத்தவர்கள் ஒவ்வொரு சில படத்துக்கும் ஹிஸ்டோகிராமைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

போனில் எடுப்பவர்கள் வானத்தில் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, கொஞ்சம் கீழே இறக்கினால் போதும்.

### குறைத்தால் மணல் கறுப்பு; கூட்டினால் வானம் வெள்ளை

இப்போது பிராக்கெட்டிங், அதாவது ஒரே காட்சியை வேறு வேறு எக்ஸ்போஷரில் எடுப்பது. இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள், ட்ரைபாடில். ஒன்றாகச் சேர்க்கும்போது அலை மூன்று இடத்தில் தெரியும்; அதனால் நுரை எல்லாவற்றையும் ஒரே படத்திலிருந்து எடுத்து, வானத்தை மட்டும் மற்றொன்றிலிருந்து சேருங்கள்.

இதெல்லாம் செய்து, இதே வேலையைத் தொடர்ந்து செய்யப்போகிறீர்கள் என்றால் மட்டும் கிராஜுவேட்டட் பில்டர் (மேல்பாதி மட்டும் கருத்திருப்பது) வாங்குங்கள். வெறும் கடலும் வானமும் என்றால் கோடு நேராக இருப்பதால் கருமை சட்டென்று முடியும் ஹார்டு வகை பொருந்தும். அடையாறு முகத்துவாரத்தின் உடைந்த பாலம், படகுகள், ஆட்கள் எல்லாம் தொடுவானத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் கருமை மெல்லக் கரையும் சாஃப்ட் வகை. இல்லாவிட்டால் பாலத்தின் மேல்பாதி கறுத்துவிடும். என் கருத்தில் சென்னைக்கு மூன்று ஸ்டாப் சாஃப்ட் ஒன்று போதும்.

## நிறம் நேரில் பார்த்தது மாதிரி இல்லை

செம்மஞ்சள் உதயம் வெளிறி வருகிறது: ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் செட்டிங்) அந்தச் சிவப்பைக் குறை என்று நினைத்துத் திருத்திவிட்டது. டேலைட், அல்லது 5200 கெல்வின் வாக்கில் பூட்டிவிடுங்கள். ராவில் எடுத்திருந்தால் வீட்டில் மாற்றிக்கொள்ளலாம்.

மணல் மட்டும் மஞ்சள் அல்லது பச்சை: பின்னால் இருக்கும் உயர்கோபுர விளக்கு. மெரினாவிலும் பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையிலும் விடியலுக்கு முன் இது தப்பாது. தண்ணீர் ஓரமாக இறங்கி நடங்கள். விளக்கின் ஆட்சி அங்கே குறைந்துவிடும். அல்லது அதை அணைக்கும்வரை பொறுங்கள்.

நீண்ட எக்ஸ்போஷரில் எல்லாம் ஊதா: என்டி பில்டரின் (வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி) சாயம். பில்டர் இல்லாமல் ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் திருத்திக்கொள்ளலாம்; ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று இருந்தால் பில்டரை மாற்றத்தான் வேண்டும்.

வானத்தில் ஒரு பகுதி மட்டும் கருநீலம்: போலரைசரை (பிரதிபலிப்பைக் குறைக்கும் பில்டர்) அகன்ற லென்ஸில் போட்டிருக்கிறீர்கள். கழற்றுங்கள்.

## படம் தெளிவாக இல்லை

எங்கே தெளிவில்லை என்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். காரணம் அதைப் பொறுத்துத்தான்.

### எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது

ட்ரைபாட் ஆடியது. கடற்கரையில் ட்ரைபாட் நிற்கிறது என்று நாம் நினைக்கும்போது அது இறங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு அலை திரும்பும்போதும் கால்களைச் சுற்றி மணல் கரைந்து, ஒரு பக்கம் சாயும். சட்டத்தை அமைப்பதற்கு முன்பே கால்களை அழுத்தி, இறங்காத ஆழம் வரை தள்ளுங்கள். இரண்டு மூன்று அலை வந்து போகட்டும். அப்புறம் மட்டம் பாருங்கள். அலை காலில் ஓடிக்கொண்டிருக்கும்போது நீண்ட எக்ஸ்போஷர் வேண்டாம். தண்ணீர் வந்து போன, இறுகிய ஈர மணல்தான் நல்ல இடம். தளர்ந்த மணலில் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடி வையுங்கள், நன்றாக வேலை செய்யும்.

இறங்கவில்லையா? நடுத்தண்டை உயர்த்தியிருந்தால் இறக்குங்கள். கழுத்துப் பட்டை காற்றில் படபடக்கிறதா பாருங்கள், கழற்றிவிடுங்கள். பையை ட்ரைபாடில் தொங்கவிட்டால் அது காற்றில் ஆடி நிலைமையைக் கெடுக்கும். தரையைத் தொடும்படி தொங்கட்டும். கை ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள். இரண்டு நொடி டைமர் வையுங்கள். இதில் எதற்கும் காசு தேவையில்லை. கனமான ட்ரைபாட் வாங்குவது இவை எல்லாம் தோற்ற பிறகுதான்.

### தூரம் தெளிவு, முன்னால் மங்கல், அல்லது நேர்மாறாக

ஃபோகஸ். விடியலுக்கு முன் ஆட்டோஃபோகஸ் பிடிக்காமல் அலைந்து எங்கோ நின்றிருக்கும். லைவ் வியூவில் பெரிதாக்கி, தூரத்துக் கப்பல் விளக்கில் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள் இதற்கு நல்ல துணை. முன்னால் இருக்கும் பொருள் முக்கியம் என்றால் அதன் மேல் டார்ச் அடித்துப் பிடியுங்கள். பிடித்த உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். அபெர்ச்சரை (லென்ஸின் திறப்பு) எஃப்/8 முதல் எஃப்/11 வரை வைத்தால் போதும். எஃப்/22க்குப் போனால் முழுப் படமும் மெல்ல மழுங்கும்.

ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட ஏறும். அந்த மாதங்களில் இருட்டில் வெள்ளை டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டாம். வெளிச்சத்தைப் பார்த்து ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு விளக்கை நோக்கிப் போகும்.

### எப்போதும் ஒரே பக்கம் மட்டும் மங்கல்

முதலில் அந்தப் பக்கக் கண்ணாடியில் நீர்த்துளி. இல்லையென்றால் வீட்டில் ஒரு செங்கல் சுவரை நேராக நின்று, ட்ரைபாடில், எஃப்/5.6ல் எடுங்கள். அப்போதும் அதே பக்கம் மங்கினால் லென்ஸின் உள் கண்ணாடி ஒன்று விலகியிருக்கிறது. கீழே விழுந்த லென்ஸ்களில் இது வரும். இங்கே வீட்டு வைத்தியம் கிடையாது, சர்வீஸ் சென்டர்தான்.

## அலை நினைத்த மாதிரி வரவில்லை

அலை வெறும் வெண்படலமாக, என்னவென்றே தெரியாமல் வந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கிறது. நுரை கோடு கோடாக மணலில் இழுபட வேண்டும் என்றால் 1/4 முதல் 1 நொடி. அலை ஏறும்போது அழுத்தாதீர்கள். அது திரும்ப ஆரம்பிக்கும் நொடியில் அழுத்துங்கள். தெறிப்பை உறைய வைக்க 1/500க்கு மேல். நடுவில் இருக்கும் 1/30, 1/60 இரண்டுக்கும் உதவாது.

வெளிச்சம் கூடியதால் 1 நொடி வரமாட்டேன் என்கிறதா? ஐஎஸ்ஓவை (சென்சாரின் உணர்திறன்) 100க்கு இறக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்புறம் பில்டர்: ஆறு ஸ்டாப் என்டி போட்டால் 1/60 ஒரு நொடி ஆகும். பத்து ஸ்டாப் போட்டால் 1/30 அரை நிமிடத்தைத் தாண்டும். கடல் வழவழவென்று ஆகிவிடும். சென்னையில் எனக்கு அது பிடிப்பதில்லை, இந்தக் கடலின் துடிப்பு அதில் போய்விடுகிறது. ஆறு ஸ்டாப் வாங்குங்கள். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் நீண்ட எக்ஸ்போஷரில் வ்யூஃபைண்டரை மூடுங்கள்; அந்த வழியாக ஒளி புகுந்து நடுவில் தேவையில்லாத பட்டை விழும்.

பாறையில் மோதும் அலை வேண்டும், மணல்தான் கிடைக்கிறது என்றால் துறைமுகத்துக்கு வடக்கே போங்கள். துறைமுகச் சுவர் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்ததால் மெரினா அகன்றது, ராயபுரம் காசிமேடு பக்கம் கரை அரித்தது. அங்கே கொட்டிய பாறைகள்தான் இப்போது கரை. பாசி பிடித்த பாறை மேல் ஏறவே கூடாது. பட்டினப்பாக்கத்தில் கரை சட்டென்று சரியும். தண்ணீர் ஓரத்தில் திரையையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். போகும் முன் இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். கள்ளக்கடல் (தூரக் கடலிலிருந்து முன்னறிவிப்பின்றி வரும் பேரலை) எச்சரிக்கை இருந்தால் அன்று மணலின் மேட்டிலிருந்து மட்டும். காலையில் வலை உலர்த்தும் அண்ணன்களிடம் ஒரு வார்த்தை கேட்டாலே கடல் இன்று எப்படி என்று சொல்லிவிடுவார்கள். அவர்களையோ அவர்கள் படகையோ எடுப்பதானால் அதற்கும் முதலில் கேளுங்கள்.

## மழைக்காலப் படம் எல்லாம் சாம்பல்

மேகம் மூடிய வானத்தைக் கேமரா இருட்டாக்கித்தான் எடுக்கும். 2/3 முதல் 1 ஸ்டாப் கூட்டுங்கள். அதற்குப் பிறகும் சப்பென்று இருந்தால் படத்தில் பாதி வெறும் வானம் என்று அர்த்தம். வானத்தைக் குறைத்து நீலப் படகு, சிவப்புக் கொடி, பச்சை வலை என்று ஏதாவது ஒரு நிறத்தை முன்னால் கொண்டுவாருங்கள்.

அதைவிட முக்கியம், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்கால இடிமழை மேற்கே உருவாகி, நகரத்தைக் கடந்து கடலுக்குப் போகும். மழை கடலுக்குப் போன பிறகு மேற்கில் வானம் திறந்தால், சாயும் வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து வந்து மணலிலும் படகிலும் விழும். எதிரே கருமேகம், சில நாள் கடலுக்கு மேல் வானவில்லும் கிடைக்கும். மழை விட்டதும் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள், நீங்கள் போகாதீர்கள். வடகிழக்குப் பருவத்தில் தலைகீழ்: மழை கடலிலிருந்து வரும், காலை வெயில் கிழக்கிலிருந்து அடிக்கும், வானவில் நகரப் பக்கம் நிற்கும். அப்போது கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறவிடுவீர்கள்.

இடிச் சத்தம் கேட்டால் மட்டும் வேறு பேச்சில்லை. திறந்த மணலில் ட்ரைபாடும் நீங்களும்தான் உயரமான பொருள். மூடிய கட்டிடத்துக்கோ காருக்கோ போய், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்து வாருங்கள். புயல் எச்சரிக்கை நாளில் கரைக்கே வர வேண்டாம்.

## மாலையில் மெரினா உயிரில்லாமல் இருக்கிறது

சூரியன் உங்கள் பின்னால், கட்டிடங்களுக்கு அப்பால் இறங்குகிறது. மணல் நிழலில் இருக்கிறது. கடலுக்கு எதிர்ப்பக்கம் திரும்புங்கள். காமராசர் சாலையில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசம் வடிவமைத்த சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸின் கோபுரங்களும், கலங்கரை விளக்கமும் செவ்வானத்தில் கறுப்பு வடிவமாக நிற்கும். மறைந்து சில நிமிடத்தில் கடல் பக்கம் திரும்பிப் பாருங்கள்: தொடுவானத்தில் நீலப்பட்டை, அதற்கு மேல் இளஞ்சிவப்பு. அந்த நேரத்தில் கடல் மறுபடி எடுக்கத் தகுந்ததாகிவிடும்.

நிலா கடலிலிருந்து எழுவதை எடுக்க வந்து, நிலா வெள்ளை வட்டமாகவும் மற்றதெல்லாம் இருட்டாகவும் வந்தால் நாள் தவறு. பௌர்ணமிக்கு முந்தின நாள் வாருங்கள். அன்று சூரியன் மறைவதற்கு முன்பே நிலா எழும், கடலிலும் வெளிச்சம் இருக்கும்.

## தொடுவானம் சாய்கிறது, வளைகிறது

சாய்ந்தால் கேமராவின் மட்டக் கோட்டைத் திரையில் போட்டுக்கொள்ளுங்கள். வளைந்தால் அது அகன்ற லென்ஸின் இயல்பு. தொடுவானத்தைச் சட்டத்தின் நடுப் பக்கம் கொண்டுவந்தால் குறையும், எடிட்டிங்கில் லென்ஸ் ப்ரொஃபைல் (அந்த லென்ஸின் வளைவைத் திருத்தும் அமைப்பு) போட்டால் போய்விடும்.

## வானத்தில் எப்போதும் அதே இடத்தில் கறுப்புப் புள்ளி

எஃப்/16ல் வெறும் வானத்தை எடுங்கள். புள்ளி இருந்தால் லென்ஸை மாற்றி மறுபடி எடுங்கள். அப்போதும் அதே இடத்தில் இருந்தால் சென்சார் தூசி. வீட்டில், மின்விசிறியை நிறுத்தி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ப்ளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி ஒட்டிக்கொள்ளும். கடற்கரைத் தூசியில் உப்பும் மணலும் இருக்கும் என்பதால், ஊதிப் போகாததை ஸ்வாப் (சென்சார் துடைக்கும் குச்சி) போட்டுத் தேய்க்கும் வேலையை முதன்முறை செய்பவர்கள் சர்வீஸில் விட்டுவிடுவதே நல்லது. கடற்கரையில் லென்ஸ் மாற்றாமல் இருந்தால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது.

## ட்ரைபாட் கால் நரநரவென்று சத்தம் போடுகிறது

மணலும் உப்பும். கால்களை நல்ல தண்ணீரில் அலசி, பூட்டுகளைத் தளர்த்தி நிழலில் காய வையுங்கள். ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் இதைச் செய்தால் போதும். சத்தம் போகாவிட்டால் கால்களைக் கழற்றி, திருகுப் பகுதியை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்.

## லென்ஸுக்குள் நூல் நூலாக, கிளை விட்டது போல் தெரிகிறது

ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பார்த்தால் உறுதியாகத் தெரியும். சென்னையின் ஈரத்தில் பீரோவிலும் தோல் பையிலும் மாதக்கணக்கில் பூட்டி வைத்த லென்ஸுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நீங்களே திறக்காதீர்கள். மற்ற லென்ஸ்களிலிருந்து பிரித்து வைத்து, சீக்கிரம் சர்வீஸுக்குக் கொடுங்கள். நாளானால் பூச்சையே அரித்துவிடும், அப்புறம் சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும். கேமராவோடு வந்த கிட் லென்ஸ் என்றால் சுத்தம் செய்யும் கூலியைக் கேட்டுவிட்டு, பழைய லென்ஸ் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

வராமல் தடுக்க, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. ஈரம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்த வேண்டும். லென்ஸ்கள் கூடினால் ட்ரை கேபினெட் (ஈரத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் மின்சார அலமாரி) வாங்குங்கள். கடலோர நகரத்தில் இருப்பவர்கள் இன்னொரு லென்ஸுக்கு முன்னால் வாங்க வேண்டியது இதைத்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

## கேமரா மேல் கடல் அலை அடித்துவிட்டது

மழைத்தண்ணீர் என்றால் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, காய வைத்தால் பல நேரம் பிழைக்கும். கடல்நீர் வேறு. அது காய்ந்த பிறகும் உள்ளே உப்பு இருந்து செம்பை அரித்துக்கொண்டே இருக்கும்.

உடனே அணையுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி ஆன் செய்யாதீர்கள். பல கேமராக்கள் அந்த நொடியில்தான் சாகின்றன. வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உப்பை எடுங்கள், அப்புறம் காய்ந்த துணி. அரிசி டப்பாவில் வைக்க வேண்டாம், அரிசித் தூள்தான் உள்ளே போகும்.

மேலே சில துளி மட்டும் பட்டது, பேட்டரி அறைக்குள்ளும் லென்ஸ் மவுண்ட்டிலும் ஈரம் இல்லை என்றால் சிலிக்கா ஜெல் டப்பாவில் இரண்டு நாள் வைத்த பிறகு போட்டுப் பார்க்கலாம். உள்ளே ஈரம் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குப் போய், "கடல்நீர் பட்டது, இத்தனை மணிக்கு, ஆன் செய்யவில்லை" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தண்ணீர்ச் சேதத்துக்குப் பொதுவாக வாரண்ட்டி கிடையாது, மறைத்தும் பயனில்லை. கடல்நீர் என்று தெரிந்தால்தான் அவர்கள் முழுசாகப் பிரித்து உப்பைக் கழுவுவார்கள். கூலியை முன்பே எழுத்தில் வாங்குங்கள். அது பழைய கேமராவின் விலையைத் தொட்டால் விட்டுவிடுங்கள்.

மெமரி கார்டைத் தனியாக எடுத்து, நல்ல தண்ணீர் தொட்ட துணியால் முனைகளைத் துடைத்து, ஒரு நாள் நிழலில் காய வைத்து, கார்டு ரீடரில் போட்டுப் படங்களைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். கேமரா போனாலும் கார்டு பெரும்பாலும் பிழைத்திருக்கும்.